கணக்குக்கு ஒரு சம்பளக்காரி

எங்கள் கடைக்கு என் வீட்டுக்காரரின் பெயர்தான். அவர் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு, பின்னால் 'அண்ட் கம்பெனி' என்று ஒரு வாலையும் ஒட்டி, பெரிய பலகையாக மாட்டியிருந்தார். கம்பெனி என்று எழுதியிருந்தாலும் உள்ளே அவர் ஒருவர்தான். நானும் இருந்தேன். ஆனால் என்னை அப்போது யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அந்தப் பலகையில் இருந்த பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த வீடு என்னுடையது. கடையில் டெலிபோன் மணி அடித்தால் "ஹலோ, பாத்திரக் கடை" என்பேன். எந்தப் பாத்திரக் கடை என்று கேட்டால், "நீங்க எந்தக் கடைக்குப் போட்டீங்களோ அந்தக் கடைதான்" என்று சொல்லிவிடுவேன். போதாக்குறைக்கு அது ஒரு சாமி பெயராகவும் இருந்து தொலைத்தது. வெள்ளிக்கிழமை பஜனையில் அந்தப் பெயர் வரும் வரியில் எனக்கு மட்டும் இருமல் வரும். அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் பக்கத்தில் நிற்கிற அக்கா யாரையாவது பிடித்து, "நீங்க கொஞ்சம் சொல்லிடுங்கக்கா" என்பேன். அவர்களும் சிரிக்காமல் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கும் அதே வியாதிதானே.

கடை பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில், கேசட் கடைகள் போட்டி போட்டுக்கொண்டு பாட்டுப் போடும் தெருவில் இருந்தது. கீழே கடை, மேலே வீடு. குடம், குத்துவிளக்கு, இட்லிச் சட்டி, அடுக்குக் கேரியர் எல்லாம் கிடைக்கும். கல்யாண மாதங்களில் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் கெப்பாலா பத்தாஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஃபெரி ஏறி வந்து இறங்குவார்கள். அன்பளிப்புப் பாத்திரம் என்றால் அதில் கொடுப்பவர் பெயர் வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் கொடுத்தால் யார் கொடுத்தது என்று எப்படித் தெரியும்? தெரியாமல் போனால் கொடுத்து என்ன பிரயோஜனம்? நம் ஆட்களின் நியாயம் இது.

அந்தப் பெயர் வெட்டுகிற வேலை என்னுடையது. பேனா போல ஒரு சின்ன மெஷின். சுவிட்சைப் போட்டால் நறநறவென்று அதிரும். எவர்சில்வரில் வைத்து எழுத்து எழுத்தாக இழுக்க வேண்டும். கல்யாணமான புதிதில், "உன் கையெழுத்து நல்லாத்தானே இருக்கு, இங்க கொஞ்சம் உக்காரு" என்று ஒரு ஸ்டூலைப் போட்டார். உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவே விடவில்லை. ஒரு சின்ன டம்ளரைக் கொடுத்து, அதில் தன் பெயர், சம்சாரம் பெயர், பிள்ளைகள் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் வெட்டச் சொல்கிற புண்ணியவான்கள் வருவார்கள். "விலாசமும் போட்டுட்டா தபால்காரரே கொண்டுபோய்க் கொடுத்துடுவாரு அண்ணே, நீங்க கல்யாணத்துக்கே போக வேணாம்" என்று சொல்லித்தான் அவர்களை அடக்குவேன்.

வெட்டி முடித்ததும் பாத்திரத்தை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளுவேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வெட்டிய பெயரைக் கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிப்பார். வாங்க வந்தவர் சரி என்றால்தான் அது பெட்டிக்குள் போகும். வெட்டியதை அழிக்க முடியாது; பிறகு வந்து தப்பு என்று சண்டை பிடிக்கக் கூடாது என்பதற்காக அவர் கண்டுபிடித்த வழி. ஊரிலுள்ள பெயர்களெல்லாம் அவர் வாயில் கணீரென்று வரும். என் பெயர் மட்டும் வராது. நான் அவருக்கு "இந்தா". பாசம் பொங்கினால் "இந்தாம்மா". நான் அவர் பெயரைச் சொல்லாததற்காவது ஆயுசு என்று ஒரு காரணம் இருந்தது. அவருக்கு என்ன காரணம் என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

எங்கள் வருமான வரியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வரி ஆபீசிலேயே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, பிறகு டேக்ஸ் ஏஜெண்டாகத் தொழில் வைத்தவர். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். எங்களோடு பேசும்போது இங்கிலீஷிலிருந்து மெதுவாகப் படியிறங்கித் தமிழுக்கு வருவார். ஒரு கால் மட்டும் மேல்படியிலேயே இருக்கும். நல்ல மனிதர். என் கை முறுக்குக்கு அடிமை.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் கடைக்குள் நுழையும்போதே அவர் முகத்தில் பூரிப்பு. சட்டம் மாறிவிட்டது என்றார். அதுவரை மனைவி சம்பாதித்தாலும் பெரும்பாலும் கணவனின் வருமானத்தோடு சேர்த்தே வரி பார்ப்பார்களாம். இனிமேல் மனைவிக்குத் தனிக் கணக்கு. கடை லாபம் முழுவதும் ஒருவர் தலையிலேயே விழுந்தால் வரி விகிதம் ஏறிக்கொண்டே போகும். அதில் ஒரு பகுதியை, கடையில் வேலை செய்யும் மனைவிக்குச் சம்பளமாகக் கொடுத்தால், கடைக்கு அது செலவு; லாபம் இறங்கும். மனைவிக்கோ அது தனி வருமானம். கீழ்ப்படியில் நிற்கிற வருமானம் என்பதால் வரி கொஞ்சம்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சாப்பிடப் போகிறார்கள், ஆனால் மொத்த வரி குறைந்துவிடும்.

வீட்டுக்காரர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மாட்டிக்கொள்ள மாட்டோமே என்று கேட்டார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, வரியை ஏமாத்துறது வேற, பிளான் பண்ணுறது வேற. இது பிளானிங் லா. சட்டமே கதவைத் திறந்து வச்சிருக்கு."

பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினார். வேலை நிஜமாக இருக்க வேண்டும். சம்பளம் அந்த வேலைக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும். பணம் நிஜமாகவே வேலை செய்தவள் கைக்குப் போக வேண்டும். முதல் விரல் மடங்கியதுமே வீட்டுக்காரர் சந்தோஷத்தில் எழுந்து எல்லோருக்கும் தே தாரேக் டீ சொல்லி அனுப்பப் போய்விட்டார். மூன்றாவது விரலைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

வேலைக்கு என்ன பெயர் போடுவது என்று பேச்சு வந்தது. விற்பனை உதவியாளர், பெயர் வெட்டுபவர் என்று உள்ளதை உள்ளபடி போடலாம் என்றார் பெரியவர். வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் சம்சாரம் என்ன கூலியாளா, மேனேஜர் என்று போடுங்கள் என்றார். மேனேஜர் என்றால் சம்பளத்தையும் மேனேஜர் மாதிரி உயர்த்திக் காட்டலாமே என்ற கணக்கும் அந்த ரோஷத்துக்குள் ஒளிந்திருந்தது. பெரியவர் தாடையைச் சொறிந்துகொண்டார். ஆனால் எழுதினார். இப்படியாக நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலேயே மேனேஜர் ஆனேன்.

மாதம் பிறந்தால் சம்பள வவுச்சரில் கையெழுத்துப் போடுவேன். பணம் பாங்கில் என் பெயரில் திறந்த கணக்குக்குப் போகும். இரண்டு நாள் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பணம் எடுக்கும் சீட்டில் நான் கையெழுத்துப் போடுவேன். கவுண்டரில் இருக்கும் பெண் பணத்தை என்னிடம் நீட்டுவாள். அது என் கையில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்துவிட்டு அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். பாங்குப் புத்தகம் அவர் மேசை டிராயரில், பூட்டுக்குள். கேட்டால், "எல்லாம் உனக்குத்தானே" என்பார். எனக்குத்தான் என்றால் ஏன் பூட்டு என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் கேட்டேன். அது அவருக்குக் கேட்கவில்லை.

ஒருநாள் செருப்பு அறுந்துவிட்டது. புதுசு வாங்கக் காசு வேண்டும் என்று கல்லாவுக்குப் போய் நின்றேன். அவர் ஒரு வாடிக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சை முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடித்துவிட்டு, "என்னா?" என்றார். செருப்பு என்றேன். எவ்வளவு என்றார். சொன்னேன். அவ்வளவா என்றார். கொடுத்தார், இல்லையென்று சொல்லவில்லை, இல்லாதவரும் இல்லை. ஆனால் அந்த வாடிக்கைக்காரர் என் காலைக் குனிந்து பார்த்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு குத்துவிளக்கில் எழுத்தை ஆழமாக இழுத்துவிட்டேன். மேனேஜராம், மேனேஜர். செருப்புக்குக் கை நீட்டி நிற்கிற மேனேஜர். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: என் சம்பளம் என் கைக்கு வந்து, என் கையிலேயே தங்க வேண்டும்.

சில வருஷம் போயிற்று. வரி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. சம்பளக் கணக்கைப் பார்க்க வேண்டும், முதலாளியும் மேனேஜரும் நேரில் வர வேண்டும் என்று போட்டிருந்தது. சின்னப் பாத்திரக் கடையில் இவ்வளவு பெரிய சம்பளத்தில் யார் அந்த மேனேஜர் என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது; வராமல் இருந்தால்தான் அதிசயம். சம்பளம் பொய் என்று முடிவு செய்தால் அத்தனை வருஷத்துக் கணக்கையும் திரும்பப் போட்டு, மேலே அபராதமும் தீட்டுவார்கள் என்றார் பெரியவர்.

என் வீட்டுக்காரருக்குப் பயம் வந்தால் பாத்திரம் துடைப்பார். தூசி இருக்கிறதோ இல்லையோ, ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஒரே குடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். அந்த வாரம் எங்கள் கடையில் இருந்த பளபளப்பு தீபாவளிக்குக்கூட இருந்ததில்லை.

பெரியவர் எங்களைத் தயார் செய்ய வந்தார். அவர்தான் வரி அதிகாரியாம். என்னை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறாராம். முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, சம்பளத்தை நீதான் வச்சுக்குறியான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

வீட்டுக்காரர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தன்னுடைய மூன்றாவது விரலைப் பார்த்தார். பொய் சொல்ல மாட்டேன் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். பாங்குப் புத்தகம் இப்போதே என் கைக்கு வர வேண்டும். இனிச் சம்பளமும் என் கைக்கே வர வேண்டும். சம்மதம் என்றால் வருகிறேன், இல்லையென்றால் நான் சமைக்கப் போகிறேன். என் வாழ்க்கையில் பேரம் பேசியது வாடிக்கைக்காரர்களோடுதான்; அன்றைக்கு முதலாளியோடு பேசினேன். பயம்தான். குரலில் காட்டவில்லை.

அவர் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். டிராயரைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார்.

"இந்தா. கேஸ் நல்லபடியா முடியட்டும். சம்பளம் உன் கைக்கே தர்றேன்."

பெரியவர் தலையாட்டினார். சாட்சி கிடைத்துவிட்டது. ஜெயித்தால் சம்பளம். தோற்றால் அபராதம் கட்டவே காசு போதாது, பிறகு சம்பளமாவது ஒன்றாவது.

ஒத்திகை நடந்தது. எத்தனை மணிக்குக் கடைக்கு வருவேன், என்னென்ன செய்வேன், சரக்கு யார் எண்ணுவது எல்லாம் கேட்டார். உங்கள் முதலாளி யார் என்று கேட்டார். நான் தாடையால் வீட்டுக்காரரைக் காட்டி, "இவங்கதான்" என்றேன். பெரியவர் திருப்தியாகத் தலையை ஆட்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வீட்டுக்காரரும் ஆட்டினார். மூன்று தமிழர்கள் உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க ஒத்திகை பார்த்தும், அதில் ஒரு ஓட்டை இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? எங்களுக்கு அதுதானே சரியான பதில்.

வரி ஆபீசுக்குப் போன அன்று நான் பட்டுச்சேலை கட்டினேன். கல்யாணத்துக்கா போகிறாய் என்று அவர் முறைத்தார். மேனேஜர் வேறு எப்படிப் போவதாம்? கைப்பையில் பாங்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டேன்.

அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. என் வயதுதான் இருக்கும். நல்ல நீலத்தில் பாஜு கூரோங் அங்கி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. முதலில் என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மற்ற இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். வெளியே என்றால் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். தடுப்பு கூரை வரை போகவில்லை. பெரியவரின் இருமல் எனக்கு நன்றாகவே கேட்டது.

பேச்சு மலாயில். என் மலாய் பாசாரில் மீன் வாங்கப் போதும், வரி ஆபீசுக்குப் போதாது. இருந்தாலும் சமாளித்தேன். முதலில் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். சொல்லும்போது எனக்கே யாரோ ஒருத்தி பெயரைச் சொல்வது போல் இருந்தது. அந்தப் பெயரால் என்னை யார் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று?

என்ன வேலை என்று கேட்டார். பெரியவர் சொல்லிக்கொடுத்த பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் மறந்துவிட்டன. பெயர் வெட்டுகிறேன் என்றேன். அது என்ன வேலை என்று அவருக்குப் புரியவில்லை. அவர் மேசையில் எவர்சில்வர் சோற்றுப் பெட்டி ஒன்று இருந்தது. இதில் உங்கள் பெயரை வெட்டிக் கொடுத்தால் ஆபீசில் யாரும் மாற்றி எடுத்துப்போக மாட்டார்கள், அந்த வேலைதான் என்றேன். அவர் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார், ஆனால் சிரித்துவிட்டார். விரலிலிருந்த காய்ப்பைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேனேஜர் விரலில் காய்ப்பா என்று கேட்டார். மேனேஜர் என்பது என் வீட்டுக்காரர் ரோஷத்தில் போட்டது என்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் அதிகமாயிற்று.

பாங்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பையிலிருந்து எடுத்து வைத்தேன். எப்போதிலிருந்து உங்களிடம் இருக்கிறது என்றார். பெண் பிள்ளையல்லவா, எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. "போன வாரத்திலேருந்து" என்று உண்மையைச் சொன்னேன். எடுத்த பணமெல்லாம் வீட்டுக்குத்தான் செலவாயிற்று, இனிமேல் என் கையில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்குச் சாட்சி வெளியே இருமிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு, நான் சொன்னதையெல்லாம் வாக்குமூலமாகப் போட வேண்டும் என்று ஒரு புதுத் தாளை எடுத்து, தலை நிமிராமல் கேட்டார்.

"நாமா மஜிக்கான்?"

மஜிக்கான் என்றால் வேலை கொடுப்பவர். முதலாளியின் பெயர் என்ன.

தாடையால் பலகைத் தடுப்பைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் என்றேன். பெயர் என்றார். என் பிள்ளைகளின் அப்பா என்றேன். பெயர் என்றார். சரி, கடையின் பெயரையாவது சொல்லுங்கள் என்றார். அது அதைவிட மோசம். "பாத்திரக் கடை" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்குகிறீர்கள், முதலாளி பெயரும் தெரியாது, கம்பெனி பெயரும் தெரியாதா என்று மெதுவாகக் கேட்டார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது: யாருக்கோ பட்டுச்சேலை கட்டிவிட்டு அழைத்து வந்திருக்கிறார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுதிக் காட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். என் கை எழுதாத பெயரா? அவர் எதிரே இருந்த ஃபைலைத் தட்டினார். எழுதியது இங்கே நிறைய இருக்கிறது, எனக்கு உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றார்.

என் பாசார் மலாயில் விளக்கினேன். தெரியாமல் இல்லை. நாங்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்த்துவிட்டார்கள். வேண்டுமானால் அவரையே கூப்பிடுங்கள், அவர் பெயரை அவரே சொல்லட்டும். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. வரியைப் பற்றி எனக்கு யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"வீட்டில் அவர் உங்கள் கணவர், அதில் நான் தலையிட மாட்டேன். இந்தத் தாளில் அவர் உங்கள் மஜிக்கான். நீங்கள் இப்போது யாராக வந்திருக்கிறீர்கள், மனைவியாகவா, சம்பளக்காரியாகவா?"

மேசைமேல் என் பாங்குப் புத்தகம் கிடந்தது. அறுந்த செருப்பு ஞாபகம் வந்தது. என் காலைக் குனிந்து பார்த்த அந்த வாடிக்கைக்காரர் ஞாபகம் வந்தார். சாமி பெயர்தானே, ஆயுசைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவர் அப்பாவின் எழுத்தில் தொடங்கி, முழுப் பெயரையும், அண்ட் கம்பெனி வரைக்கும் சொன்னேன். பயத்தில் குரலை அளக்கத் தெரியவில்லை. கத்திவிட்டேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் ஏதோ தடாலென்று விழுந்தது. பிறகு விசாரித்ததில் அது என் வீட்டுக்காரரின் குடை. இருமல் நின்றுபோயிற்று. அந்த அம்மா எழுதத் தொடங்கி, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள் என்றார். அதையும் செய்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டாம் தடவை பயமே இல்லை. வெற்றிலை போட்ட மாதிரி வாயெல்லாம் ஒரு மணம்.

முடிவு நல்லபடியாகவே வந்தது. அந்த அம்மா மேனேஜர் என்பதை அடித்துவிட்டுப் பெயர் வெட்டுபவர் என்று எழுதிக்கொண்டார். அந்த வேலைக்குத் தகுந்த சம்பளத்தை ஒப்புக்கொண்டார். மேனேஜர் ரோஷத்தில் ஏற்றி வைத்த மிச்சத்தைத் திரும்ப லாபத்தில் சேர்த்து வரி போட்டார். அபராதம் இல்லை. கடைசியாக வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு, இனிச் சம்பளத்தை நிஜமாகவே கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவர் தலையை ஆட்டினார், என்னைப் பார்க்கவில்லை. பெரியவர் வாசலில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, அந்த ஒண்ணை நான் ஒத்திகையில விட்டுட்டேன்" என்றார்.

திரும்பி நடந்தோம். தெருமுனையில் வீட்டுக்காரர் நின்றார்.

"அவ்வளவு சத்தமாவா சொல்லணும்?"

முதலாளி பெயரைச் சொல்ல என்ன வெட்கம் என்றேன். அவர் முன்னால் நடந்தார். அவர் காது சிவந்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கோபமா, வேறு ஏதாவதா என்று அப்போது தெரியவில்லை.

மாதம் பிறந்தது. வவுச்சரில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை பணத்தைக் கவரில் போட்டுக் கையிலேயே தருவதாகப் பேச்சு. கவரைக் கையில் எடுத்தார், ஒரு கணம் யோசித்தார், பழக்க தோஷத்தில் அது மெதுவாகச் சட்டைப் பைக்குத் திரும்பியது. கடையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, அவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். கவர் பறந்து என் கைக்கு வந்தது. அப்புறம் அவர் கடையை மூடுகிற காலம் வரைக்கும் என் சம்பளம் ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை. அந்த முதல் எழுத்தைத் தாண்டி நான் சொல்ல வேண்டி வந்ததுமில்லை.

அன்றைக்கே அந்தக் கவரைப் பிரித்தேன். அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கல்லாவில் வைத்து, பில் போடச் சொன்னேன். நம் கடையில் நமக்கே பில்லா என்று கேட்டார். வாங்குவது சம்பளக்காரி, கணக்கு நிஜமாக இருக்க வேண்டும் என்றேன். பில் போட்டார். காசைக் கொடுத்தேன், மீதியை வாங்கிக்கொண்டேன். பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டேன். அந்த வீட்டில் இருந்த தட்டு, குடம், கரண்டி எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் இருந்தது, நானே வெட்டியது. டம்ளரில் என் பெயரை வெட்டினேன். இனிஷியல் இல்லாமல், வெறும் பெயர். முடித்து, வழக்கம்போல் மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். டம்ளரைத் திருப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்த மாதிரி இருந்தது.

"கேக்கல. வாங்குறவங்க சரின்னு சொல்லணும்ல" என்றேன்.

குடம் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். ஊர் உலகத்துப் பெயரையெல்லாம் கணீரென்று படிக்கிற அந்த வாயில், என் பெயர் பாதியில் தட்டுத் தடுமாறி, பிறகு முழுசாக வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

அவர் டம்ளரைத் திருப்பித் தரவில்லை. துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அதில் தூசி எதுவும் இல்லை.